யாருடைய கட்டை?

பாட்டு கற்கப் போகும் பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்: "பொம்பளப் பிள்ளைதானே, அஞ்சரைக் கட்டையில வச்சுக்கோ." அஞ்சுகிராமத்தில் எனக்கும் அப்படித்தான் சுருதிப்பெட்டியை வைத்தார்கள். மேலே போகையில் குரல் கிறீச்சிட்டால் சாதகம் போதாது என்றார்கள். கீழே இறங்கிப் பாடினால் 'ஆம்பளக் குரல்' என்று சிரித்தார்கள். என் தொண்டை எங்கே சுகமாக நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டையை வைத்துச் சொல்லும் எண். நம் ஆதார ஷட்ஜம் எங்கே நிற்கிறது என்பதை அது குறிக்கும். ஒரு கட்டை சுமார் 131 ஹெர்ட்ஸ், நான்கு கட்டை 175, ஐந்தரை 208. அந்த ஷட்ஜத்துக்குக் கீழே மந்தரப் பஞ்சமமும் மேலே தாரப் பஞ்சமமும் எட்ட வேண்டும். மொத்தம் இரண்டு ஸ்தாயி. எனவே தேடலைக் கீழிருந்து தொடங்குவதே நியாயம். கழுத்து இறுகாமல், வெறும் காற்றாகிவிடாமல், தெளிவாக ஒலிக்கும் கடைசிச் சுரத்தை மந்தரப் பஞ்சமமாக வைத்தால் ஷட்ஜம் கிடைத்துவிடும். மேலே வலியில்லாமல் போக முடிகிறதா என்று பார்த்து அரைக் கட்டை ஏற்றலாம், இறக்கலாம். பயிற்சியில் எல்லை விரியும். சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இப்படித் தேடியபோது எனக்குக் கிடைத்தது நான்கு கட்டை.

ஆண், பெண் தொண்டைகளுக்குச் சராசரியில் வேறுபாடு உண்டு. ஒரே வகுப்பில் பலருக்கு ஒரே சுருதி வைப்பது வசதி என்பதும் உண்மை. ஆனால் சராசரி எப்படி ஒவ்வொரு பெண்ணுக்கும் விதியாகிறது?

ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் உச்சத்தில் பாடினார்கள். அன்று உயர்ந்த சுருதி பெண்ணுக்கு மட்டும் உரியதாக இல்லை. ஒலிபெருக்கி வந்தபின் ஆண்கள் இறங்கிக்கொள்ள முடிந்தது. எம். டி. ராமநாதனின் மிகத் தாழ்ந்த சுருதியை ரசிகர்கள் கம்பீரம் என்றார்கள். இந்துஸ்தானி இசையில் கங்குபாய் ஹங்கலின் குரல் தொண்டைச் சிகிச்சைக்குப் பின் தடித்தது. அந்தக் குரலிலேயே அவர் பல பத்தாண்டுகள் பாடினார். ஆனாலும் 'ஆண் குரல்' என்ற சொல் அவரைத் தொடர்ந்தது.

திரைப்பாட்டிலும் இந்தப் பாகுபாடு உண்டு. கதாநாயகிக்குப் பெரும்பாலும் பி. சுசீலா, கிளப் நடனத்துக்கு எல். ஆர். ஈஸ்வரி. குடும்பப் பெண்ணுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிய அதே கனத்த குரல்தான் ஆடி மாதம் ஊர் ஊராக அம்மனைப் பாடுகிறது. அம்மனுக்குப் பொருந்தும் குரல் மனுஷிக்கு ஏன் பொருந்தவில்லை?

எங்கள் பக்கத்துக் கொட்டாரத்தில் வாழ்ந்து 2018இல் மறைந்த வில்லிசைக் கலைஞர் பூங்கனியை நினைக்கிறேன். வில்லின் முன் அமர்ந்து, வீசுகோலைத் தட்டி, கொடை விழாக்களில் கதை சொல்லிப் பாடியவர். வில்லுப்பாட்டில் பேச்சும் பாட்டும் மாறிமாறி வரும். சுடலைமாடனும் இசக்கியும் ஒரே தொண்டையிலிருந்து பேசியாக வேண்டும். கட்டுப்பட்ட மெல்லிய குரலை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. அப்படியொரு மரபு பக்கத்திலேயே இருக்க, பாட்டு வகுப்பில் எங்களுக்குக் கிடைத்தது ஒற்றை அளவு.

தாழ்ந்த குரல்தான் விடுதலை என்று நான் சொல்லவில்லை. சுந்தராம்பாளின் உச்சம் அவருடையது, யாரும் திணித்ததல்ல. புதிதாகப் பாட வரும் பெண்ணுக்கும் அந்த உரிமை வேண்டும். சுருதிப்பெட்டியை வைக்கும் முன் அவளைக் கொஞ்சம் பாடச் சொல்லிக் கேளுங்கள்.