முன்னால் சாய்ந்த குரல்

பார்பரா க்ரூகரின் படங்களை விமர்சிப்பவர்கள் அவற்றின் கொள்கையைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அச்செழுத்தைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி சொல்வதோடு சரி. எனக்கு என்னவோ, அந்த அமெரிக்க அம்மாளின் வெற்றியில் பாதி அந்த எழுத்தினுடையது என்றே படுகிறது.

அதன் பெயர் ப்யூச்சரா. ஜெர்மனியில் பால் ரென்னர் வரைந்தது. 1927-ல் பிராங்க்பர்ட்டில் உள்ள ஒரு வார்ப்படசாலை வெளியிட்டது. கோடுகளின் முனையில் சிறு பாதம் வைக்காத எழுத்து. காம்பஸ் வைத்துச் சுழற்றிய வட்டமும், அளவுகோல் வைத்து இழுத்த கோடுமாகத் தோன்றும். (உண்மையில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று ரென்னர் கணக்கைப் பல இடங்களில் மீறியிருக்கிறார். நல்ல கைவேலைக்காரர்.) க்ரூகர் எடுத்துக்கொண்டது இதில் தடித்துச் சாய்ந்த வகை. ஆங்கிலப் புத்தகங்களில் நாம் பார்க்கும் சாய்வெழுத்து 1500-ஐ ஒட்டி வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்தில் பிறந்தது. கையெழுத்தின் வம்சம் அது. சாயும்போது உருவமும் மாறி, குரல் சற்றுத் தணியும். ப்யூச்சராவில் உருவம் மாறுவதில்லை. நிமிர்ந்து நிற்கிறவனை அப்படியே முன்னால் தள்ளிய மாதிரி இருக்கிறது. தடிமனும் சேர்ந்தால், மேஜைமேல் குனிந்து ஒருவன் நம் முகத்துக்கு நேரே பேசுகிறான். பத்துப் பக்கம் படிக்கத் தலை வலிக்கும். நாலு வார்த்தைக்கு ஏற்றது.

க்ரூகர் நாலு வார்த்தைதான் எழுதினார். இளமையில் நியூயார்க்கில் பெண்கள் பத்திரிகை ஒன்றில் பக்கம் அமைத்தவர். 1980-களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின்மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாகத் தம் வாக்கியங்களை ஒட்டினார். சிந்திப்பதால் இருக்கிறேன் என்ற டேக்கார்ட்டின் வாதத்தில், 1987-ல், சிந்தனையை எடுத்துவிட்டுக் கடையில் சாமான் வாங்குவதை வைத்தார். விளம்பரத்தின் குரலிலேயே விளம்பரத்தைக் குத்தினார். பார்க்கிறவரை நேராக 'நீ' என்று கூப்பிட்டார். கதை எழுதுகிறவனுக்கு அந்தத் துணிச்சல் லேசில் வராது.

1994-ல் அதே நகரத்தில் சுப்ரீம் என்ற சக்கரப் பலகைக் கடை திறந்தது. சிவப்புக் கட்டம், வெள்ளையில் அதே இனத்துச் சாய்வெழுத்து, ஒரே வார்த்தை: தன் பெயர். வாக்கியம் போய்விட்டது, குரல் மட்டும் தங்கிவிட்டது. தன் சின்னத்தைக் கேலி செய்த ஒரு சிறு உடை வியாபாரத்தின்மேல் 2013-ல் அது 1 கோடி டாலர் கேட்டு வழக்கும் போட்டது. 2020-ல் அந்த வியாபாரமே சுமார் 210 கோடி டாலருக்குக் கைமாறியது.

இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்து ரென்னருடையது, க்ரூகரும் சந்தையிலிருந்துதான் தம் குரலை எடுத்தார். இரவல் வாங்கிய பொருள் சொந்தக்காரன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. ஒருவருடைய நடையைப் பின்பற்றி எழுதுகிறவர்களிடம் நான் காணும் வெறுமைதான் அந்தச் சிவப்புக் கட்டத்திலும் இருக்கிறது. முன்னால் சாய்ந்து வந்து, நம் சட்டையைப் பிடித்து, தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. 1987-ம் வருஷத்துப் படத்தை மறுபடி பார்க்கும்போது அந்த வாக்கியம் இன்னும் சுடத்தான் செய்கிறது.

2017-ல் நியூயார்க்கில் ஒரு கலைவிழாவுக்காக க்ரூகர் தாமே கடை வைத்தார். தம் வாக்கியங்கள் அச்சிட்ட சட்டை, தொப்பி, சக்கரப் பலகை எல்லாம் விற்றார். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். மான்ஹாட்டன் பாலத்தடியில் பலகை ஓட்டும் மைதானம் ஒன்றிலும் பெரிய பெரிய சாய்வெழுத்தில் வாக்கியங்களைப் பரப்பினார். கடையைவிட மைதானம்தான் எனக்குப் பிடித்தது. அங்கே எழுத்தை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. அதன்மேலேயே பலகை ஓட்டினார்கள்.