பின்வரிசையில் நிற்பவர்கள்

அண்மையில், கிளிநொச்சிப் பகுதிக் கிராமமொன்றில் நடைபெற்ற கோவில் திருவிழாவின் இறுதி இரவில், மெல்லிசை நிகழ்ச்சியொன்றைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பாடகர் மூவருக்கு மாலையிட்டார்கள். கீபோட் வாசித்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையின் பின்மூலையில், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கும் மின்கம்பிச் சுருள்களுக்கும் நடுவே நின்று, நள்ளிரவு கடந்தும் பேஸ் கிற்றார் வாசித்த இளைஞரின் பெயரை மட்டும் அறிவிப்பாளர் சொல்லவில்லை. "மற்றும் பக்கவாத்தியக் கலைஞர்கள்" என்ற சொற்றொடருக்குள் அவரும் அடங்கிப்போனார். நிகழ்ச்சி முடிந்தபின், கருவியை உரச்சாக்கில் சுற்றி லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார்.

இஃது ஓர் அறிவிப்பாளரின் மறதி மாத்திரமன்று. கலையுலகிலே பெயர் பெறுவோர் யார், பெயரின்றி உழைப்போர் யார் என்ற கேள்வி இதனுள் இருக்கிறது. அக்கேள்வியை இலக்கியத்தில் எழுப்பத் தயங்காத நாம், மெல்லிசை என்றவுடன் அதைக் கைவிட்டுவிடுகிறோம்.

பேஸ் கிற்றார் செய்யும் வேலை யாது? சாதாரண கிற்றாரின் கீழ்த்தந்திகள் நான்கையும் இன்னும் ஒரு ஸ்தாயி இறக்கினால் வருவன அதன் நான்கு தந்திகள். மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவைகள் அதிர்கிறது. நமது கோவில் மேளத்தில் ஒத்து வாசிப்பவரை வாசகர்கள் அறிவார்கள். நாதஸ்வரக்காரருக்குப் பின்னே நின்று, மூச்சு அறாமல் ஒரே சுருதியைப் பிடித்திருப்பார். ஊர் அவரைக் கவனிப்பதில்லை. இன்று அவருடைய இடத்தைப் பெரும்பாலும் மின் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. பேஸ் வாசிப்பவர் ஒத்துக்காரருக்கு ஒருவகையில் உறவினர். ஆனால் ஒத்து நிற்கும், பேஸ் நடக்கும். மேலே பாடகர் 'ஸ' என்ற ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்க, கீழே பேஸ் 'ஸ'விலிருந்து 'த'வுக்கோ 'ம'வுக்கோ இறங்குமாயின், பாடகர் அசையாமலே அவருடைய சுரத்தின் உணர்வு மாறிவிடுகிறது. மகிழ்ச்சியாக ஒலித்தது துயரமாகிறது. கேட்பவர் அந்தத் துயரத்தைப் பாடகரின் கணக்கிலே எழுதிவிடுகிறார்.

மேல்நாட்டு றொக் இசையிலும் இதே கதைதான். 1951இல் லியோ பெண்டர் மின்சார பேஸ் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின்னர், முன்பு ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களின் தோள் இலகுவாயிற்று, மதிப்பு உயரவில்லை. பீற்றில்ஸ் குழுவிலிருந்து 1961இல் ஸ்ருவட் சட்கிளிப் விலகியபோது, பேஸை ஏற்க மற்றையோர் விரும்பாமையாற்றான் அது போல் மக்கார்ட்னியின் கைக்கு வந்தது. 'த ஹூ' குழுவின் ஜோன் என்ட்விசில் 1965இல் 'மை ஜெனரேசன்' பாடலின் நடுவே பேஸைத் தனியாகப் பேசவைத்தார். ஆயினும் மேடையிலே அசையாமல் நின்ற அவரைவிட, கிற்றாரை உடைத்தவரே நாளிதழ்களுக்குச் செய்தியானார்.

எல்லோரிலும் நம்மை அதிகம் சிந்திக்கவைப்பவர் ஜேம்ஸ் ஜேமர்சன். தென் கரோலினாவிலே 1936இல் பிறந்த கறுப்பினத்தவர். தாயுடன் டெட்றொயிற் நகருக்குக் குடிபெயர்ந்தவர். மோட்டார்க் கார்த் தொழிற்சாலைகளின் நகரமான டெட்றொயிற்றில் 'மோட்டவுன்' என்ற இசைத்தட்டு நிறுவனமும் பாட்டுக்களைத் தொழிற்சாலை முறையிலேயே உற்பத்தி செய்தது. ஜேமர்சன் 1959 முதல் அங்கே கூலிக்கு வாசித்தார். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டுவார். கொடுக்கப்பட்ட தாளில் சுரக்கோவைகளின் பெயர்கள் மட்டுமே இருக்கும் வேளைகளில், அவற்றுக்கிடையே ஓடும் அடிச்சுரங்களை அவரே அந்தந்தக் கணத்தில் சிருஷ்டித்தார். அமெரிக்க இளைஞர் ஒரு தலைமுறையாக ஆடியது அவருடைய விரலுக்கு. றொக் குழுக்களின் பேஸ் வாசிப்பாளர்கள், மக்கார்ட்னி உட்பட, அவரிடம் கற்றனர். ஆனால் இசைத்தட்டின் உறையில் அவருடைய பெயர் அச்சேறவில்லை. மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' தொகுப்பில், 1971இலேதான், மோட்டவுன் கலைஞர்களின் பெயர்கள் வெளியாயின. மறுவருடமே நிறுவனம் லொஸ் ஏஞ்சலீசுக்குக் குடிபெயர்ந்தது. 1983இல் மோட்டவுனின் இருபத்தைந்தாண்டு விழா கோலாகலமாக நடந்தபோது, ஜேமர்சன் தாமே நுழைவுச்சீட்டு வாங்கிப் பின்னாசனத்திலிருந்து பார்த்ததாகச் சொல்வர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், 47ஆவது வயதில், அவர் இறந்தார். றொக் இசையின் புகழ்மண்டபம் அவரை 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 'பீச் போய்ஸ்' குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பில் வாசித்த கரோல் கே என்ற பெண்மணியையும் இங்கே நினைக்கவேண்டும். கலிபோர்னியக் கலையகங்களில் வாசித்த அவரையும் கேட்டோர் கோடி, அறிந்தோர் சிலர்.

தமிழுக்கு வருவோம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் பாட்டு ஒலிக்குமுன் அறிவிப்பாளர் சொல்லும் விவரம் நம்மவர் பலருக்கு இன்றும் மனப்பாடம்: படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர். அந்தப் பட்டியல் அங்கே முடிந்துவிடும். 1976இல் 'அன்னக்கிளி'யுடன் வந்த இளையராஜா, தாமே கிற்றார் வாசித்தவராதலால், பேஸுக்கு அதுவரை தமிழ்த் திரையிசை அறியாத இடமொன்றைக் கொடுத்தார். 1982இல் வந்த 'இளைய நிலா' பாடலை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் அதன் கிற்றாரைப் புகழ்கிறார்கள், தகும். ஆனால் பாட்டு நகர்வது கீழே நடக்கும் பேஸினால். மெட்டின் நிழலாகப் பின்தொடராமல், மெட்டு நிற்கும்போது தான் நடந்து, அது ஓடும்போது தான் நின்று, இன்னொரு மெட்டாகவே அது இயங்குகிறது. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். இப்பெயரை அறிந்த வாசகர்கள் எத்தனைபேர்?

இங்கே ஒரு வேறுபாட்டை மறைத்தல் நேர்மையாகாது. ஜேமர்சன் தம் அடிச்சுரங்களைத் தாமே கண்டார். இளையராஜாவின் குழுவிலோ ஒவ்வொருவருக்குமுரிய சுரங்கள் தாளில் எழுதப்பட்டே வந்தன. அப்படியாயின் வாசித்தவரின் சிருஷ்டி எங்கே என்று கேட்கலாம். நாடக எழுத்துப்பிரதி இருப்பதனால் நடிகன் கலைஞனல்லன் என்று எவரும் சொல்வதில்லையே! ஒரு சுரத்தைத் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி இடுவதா, அதிர்வை முழுதாக ஓடவிடுவதா, உள்ளங்கையால் பாதியில் அணைப்பதா என்பவை எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. அவ்விடம் வாசிப்பவருக்கே உரியது. பிற்காலத்தில் ஏ. ஆர். ரகுமான் தம் இசைநாடாக்களிலும் தட்டுக்களிலும் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டார். அதனாற்றான் கீத் பீற்றர்ஸ் என்ற பேஸ் கலைஞரை இன்றைய இளைஞர் பெயர்சொல்லித் தேடிக் கேட்கிறார்கள். உறையில் சிறு எழுத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஒருவர் 'பக்கவாத்தியம்' என்ற பொதுப்பெயரிலிருந்து மீண்டுவிடுகிறார்.

நமது வன்னி மண்ணில் இவ்விடயத்துக்கு வேறொரு பரிமாணமும் உண்டு. இங்கே பேஸ் மதிக்கப்படாமற்போனது மட்டுமன்று. நெடுங்காலம் அது கேட்கவேயில்லை. கையடக்க வானொலிப்பெட்டியின் சிறிய ஒலிபெருக்கி, 100 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைத் தெளிவாக எழுப்பவல்லதன்று. 1990களில், பொருளாதாரத் தடையின்கீழ் பற்றறி கிடைக்காத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் இங்கே பாட்டுக் கேட்டார்கள். கை சோர்ந்தால் பாட்டும் சோரும். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பாடகரின் குரல் வந்தது, வயலின் வந்தது, பேஸின் அடிச்சுரம் கொழும்பிலும் சென்னையிலும் பெரிய பெட்டி வைத்திருந்தவனுக்கே முழுமையாக வந்தது. "எங்கட சனத்துக்குப் பாடகனைத்தான் தெரியும்" என்று சலித்துக்கொள்ளும் படித்தவர்கள் இதனைச் சற்றே மனங்கொள்வது நல்லது. ரசனை வானத்திலிருந்து குதிப்பதில்லை. கேட்கும் கருவியை வாங்கும் வசதியிலும் அது தங்கியிருக்கிறது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. மின்சாரம் வந்தது, ஆளுயரப் பெட்டிகள் வந்தன. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடும் தனியார் பஸ்ஸிலும் ஆசனம் அதிர அடிச்சுரம் ஒலிக்கிறது. ஆனால் அதை வாசிக்கும் மனிதர் அருகி வருகிறார். கணினி இடுகிறது, அல்லது கீபோட்காரரின் இடக்கை இடுகிறது. ஒரு கலைஞரின் கூலி மிச்சமாவதால் நிகழ்ச்சி ஒழுங்கு செய்வோருக்கும் அதில் ஆட்சேபமில்லை. வன்னியின் செவிக்குப் பேஸ் எட்டிய அதே காலத்தில், பேஸ் வாசிப்பவர் மேடையிலிருந்து இறக்கப்படுகிறார். இயந்திரத்தை நாம் வெறுப்பவர்களல்லர். பெட்டியைக் கொண்டுவந்ததும் இயந்திரந்தான். ஆனால் மயிரிழை பிந்தி விழும் அந்தச் சுரத்தை இயந்திரத்திடம் கேட்டுப் பெறமுடியாது. கேட்கத் தெரிந்தவரும் குறைவு.

முற்போக்கு நண்பர்கள் சிலர், றொக்கும் சினிமாப் பாட்டும் சந்தைச் சரக்குகள், அவற்றில் நமக்கென்ன வேலை என்பர். சந்தைச் சரக்கு என்பதை நாம் மறுக்கவில்லை. புடவையும் சந்தைச் சரக்குத்தான்; அதனால் நெய்தவரின் விரல் பொய்யாகிவிடுமா? வேறு சிலர், கூத்தையும் பறையையும் பேசலாமே என்பர். பேசுவோம். ஊர் முழுவதையும் அதிரவைத்த பறைமேளக்காரர், சாதியின் பெயரால் மேடைக்கும் பந்திக்கும் வெளியே நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. அங்கே சாதி செய்ததை இங்கே சந்தை வேறொரு முறையில் செய்கிறது. இரண்டும் ஒன்றென்று சொல்லவரவில்லை; பறைமேளக்காரர் பட்டது பன்மடங்கு கொடியது. இருவரும் நிறுத்தப்பட்ட இடம் பின்வரிசை என்பதையே குறிப்பிடுகிறோம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு யோசனை. வகுப்பிலே 'இளைய நிலா'வை ஒலிக்கவிடுங்கள். முதல்முறை மாணவர் விரும்பியபடி கேட்கட்டும். இரண்டாம் முறை, பாடகரை மறந்து, கீழே நடக்கும் சுரத்தை மட்டும் வாயால் முணுமுணுத்துக்கொண்டு வரச்சொல்லுங்கள். முதலில் தடுமாறுவார்கள். சரணம் வருமுன் இருவராவது பிடித்துக்கொள்வார்கள். அதன்பின் அப்பாட்டைப் பழையபடி அவர்களால் கேட்கமுடியாது.

அந்தத் திருவிழா இரவில், லான்ட்மாஸ்டர் புறப்படுமுன் அவ்விளைஞருடன் சிறிது பேசினோம். பகலில் மேசன் வேலைக்குப் போகிறார். கருவி இரவல். சிறுவயதில் வானொலியில் நூறுமுறை கேட்ட பாட்டொன்றை, பின்னர் கைத்தொலைபேசியின் காதுக்கருவியில் முதன்முறையாகக் கேட்டபோது, உள்ளே இன்னோர் ஆள் இருப்பதை அறிந்து திடுக்கிட்டாராம். "அவர் ஆரெண்டு தேடினன் அண்ணை. பேர் ஒரு இடத்திலயும் இல்லை" என்றார்.