திமிஷ்கு நகரில் ஒரு மாணவர்

இப்னு பதூதாவின் பயண நூலை நம்மவர் பெரும்பாலும் மஅபர் பற்றிய பக்கங்களுக்காகவே புரட்டுகின்றனர். மதுரை சுல்தான்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவரைச் சாட்சிக்கு அழைக்காமல் ஓரடியும் நகர்வதில்லை. அச்சாட்சியின் கண் எத்தன்மையது என்பதை முன்னரே ஆராய்ந்து கொள்வது நலம். அதற்கேற்ற இடம், அவர் இளமையில் கல்வி தேடித் தங்கிய திமிஷ்கு நகரைப் பற்றிய பகுதியாகும்.

ஹிஜ்ரி 725இல் (கி.பி. 1325) ஹஜ்ஜை நாடித் தன்ஜா நகரினின்று புறப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தொன்று. மறு ஆண்டு ரமழான் பிறை 9இல் திமிஷ்கை அடைந்தார். ஷவ்வால் பிறந்ததும் ஹஜ் கூட்டத்தாருடன் வெளியேறினார். இடைப்பட்டவை மூன்றே வாரங்கள். அதற்குள் உமையாப் பள்ளிவாசலில் 14 அமர்வுகளில் ஸஹீஹுல் புகாரியைச் செவிமடுத்ததாகவும், உலமாக்கள் பலரிடம் இஜாஸத் பெற்றதாகவும் எழுதுகிறார். இஜாஸத் வழங்கியோருள் ஸைனப் பின்த் அல்கமால் முதலிய பெண்மணிகளும் உண்டு. நடுவே காய்ச்சல் வேறு. மாலிக்கி மத்ஹபைச் சார்ந்த ஆசிரியர் ஒருவர் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று பெருநாள் வரை பேணினார்.

நோயோடும் பாடத்தோடும் கழிந்த இந்நாட்களில் பள்ளிவாசலை மூலை முடுக்கெல்லாம் அளந்து பார்க்க ஒருவருக்கு நேரம் ஏது? ஆயினும் நூலில் அளவுகள் குறைவின்றி வருகின்றன. நீளம் 300 முழம். அகலம் 200 முழம். தூண்கள், குவிமாடம், வாயில்கள் அனைத்தும் வரிசை பிசகாமல் நிற்கின்றன. 1184இல் அங்கு வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைரின் நூலைத் திறந்தால் விடை கிடைத்துவிடும். முழக் கணக்கு அதுவே. வருணனையும் பெரும்பாலும் அதுவே. நகரைப் புகழும் இடத்தில் இப்னு ஜுபைரின் பெயர் மரியாதையுடன் சொல்லப்படுகிறது. பள்ளிவாசலை வருணிக்கும் இடத்திலோ அப்பெயரைக் காணோம்.

இதனைத் திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் அவசரம் எமக்கில்லை. முன்னோரின் நல்ல உரைநடையை எடுத்தாள்வது அக்காலத்து அரபு எழுத்தாளரிடையே வழக்கமாயிருந்தது. மேலும், இப்னு பதூதா வாயாற் சொல்ல, எழுதி ஒழுங்கு செய்தவர் இப்னு ஜுஸை. 1355ஐ ஒட்டி, ஃபாஸ் நகரில் சுல்தானின் ஆணைப்படி நடந்த பணி அது. முப்பது ஆண்டுக்கு முந்திய நினைவில் விழுந்த ஓட்டைகளை எந்தக் கை அடைத்தது என்று இன்று பிரித்தறிதல் அரிது. ஆனால் நட்டம் நட்டமே. தன்ஜாவின் இளைஞன் ஒருவன் அப்பொன்னிறச் சுவரோவியங்களை முதன்முதலாக அண்ணாந்து நோக்கியபோது என்ன நினைத்தான் என்பது நமக்குக் கிட்டாமலே போயிற்று.

பைத்துல் முகத்தஸில் பிறந்த முகத்தஸீயை ஈண்டு ஒப்பு நோக்குதல் தகும். பத்தாம் நூற்றாண்டினராகிய அவர், கலீஃபா வலீத் இப்பள்ளிக்குக் கொட்டிய பொருளைச் சாலைக்கும் நீர்த் தொட்டிக்கும் கோட்டைக்கும் செலவிட்டிருக்கலாகாதா என்று தம் சிறிய தந்தையாரிடம் வினவியதாக எழுதுகிறார். ஷாம் கிறிஸ்தவர்களின் நாடாயிருந்தது. அவர்களுடைய தேவாலயங்களின் எழில் முஸ்லிம்களின் கண்ணைக் கவர்ந்தது. அக்கண்ணைத் திருப்பவே வலீத் இதனை எழுப்பினார் என்பது அவருக்குக் கிடைத்த விடையின் சாரம். மரமும் ஆறும் மாளிகையுமாக, மனித உருவே இன்றி அமைந்த அவ்வோவியங்களின் ஒரு பகுதி 1893ஆம் ஆண்டுத் தீவிபத்துக்கும் தப்பி நிற்கிறது. அவை ஏன் அங்கே உள்ளன என்று கேட்டவர் மண்ணின் மைந்தர். நம் மாணவரின் நூலோ முழக் கணக்கோடு நின்றுவிடுகிறது.

இன்னோர் இடரும் உண்டு. மிம்பரில் இமாம் இப்னு தைமிய்யா உரையாற்றக் கண்டதாக அவர் கூறுகிறார். ஆனால் அவர் நகருக்குள் நுழைவதற்கு முந்திய மாதமே இமாம் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டுவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இப்பகுதியை நான் மதிப்பது அதன் வக்ஃபுப் பக்கங்களுக்காக. ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதவருக்காக ஒரு வக்ஃபு, ஏழைப் பெண்களை மணக்கோலத்தில் அனுப்ப ஒன்று, கைதிகளை மீட்க ஒன்று, வழிப்போக்கரின் உணவுக்கும் உடைக்கும் ஒன்று. தெருக்களுக்குத் தளமிடவும் வக்ஃபு உண்டாம். ஏனெனில் அந்நகரத் தெருக்களில் இருமருங்கும் நடப்போருக்கான பாதை. நடுவே சவாரி செய்வோர் செல்வர். ஒரு நகரின் கட்டட அமைப்பைப் பற்றி இதைவிட உயிருள்ள குறிப்பு வேறென்ன வேண்டும்? இதைக் காண முழக்கோல் தேவையில்லை. கால் நடந்தால் போதும்.

அடிமைச் சிறுவன் ஒருவன் தெருவிலே சீனத்துப் பீங்கான் தட்டைக் கை நழுவி உடைத்துவிடுகிறான். கூட்டம் கூடுகிறது. துண்டுகளைப் பொறுக்கிக்கொள், பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் போவோம் என்கிறார் ஒருவர். பொறுப்பாளர் துண்டுகளைப் பார்த்து, புதுத் தட்டு வாங்கப் பணம் தருகிறார். எசமானின் அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சும் ஒரு சிறுவனின் உள்ளம் உடையாதிருக்க ஒரு நகரம் ஏற்பாடு செய்து வைத்திருந்ததைக் கண்டவர் இவர். தொலைதூர மக்ரிபிலிருந்து வந்து, காய்ச்சலில் அயலார் வீட்டில் கிடந்து தேறியவருக்கே அக்காட்சி அவ்வளவு ஆழமாய்ப் பதிந்திருக்கும் என்று கருதுகிறேன். மக்ரிபு நாட்டாரைத் திமிஷ்கு மக்கள் நம்பித் தம் பொருளையும் ஒப்படைப்பர் என்று அவர் பெருமிதத்தோடு எழுதுவதும் இங்கேதான்.

1348இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடிய வேளையில் மீண்டும் அங்கு வருகிறார். இம்முறை முழக் கணக்கு ஏதுமில்லை. மூன்று நாள் நோன்பிருந்த மக்கள், முஸ்லிம்கள் குர்ஆனையும் யூதர் தவ்ராத்தையும் கிறிஸ்தவர் இன்ஜீலையும் ஏந்தி, ஆணும் பெண்ணும் சிறுவருமாக, நகருக்குத் தெற்கேயுள்ள அக்தாம் பள்ளியை நோக்கி அழுதுகொண்டு நடந்ததை எழுதுகிறார். இப்னு ஜுபைர் மறைந்து அப்போது நூறாண்டு கடந்துவிட்டது. மஅபர் பக்கங்களைப் படிப்போர் இப்பக்கத்தையும் அருகில் வைத்துப் படிக்கட்டும்.