சேலம் கிராமமும் மில்லரின் மேடையும்

அமெரிக்க நாடகாசிரியர் ஆதர் மில்லரின் ‘த குரூசிபிள்’ 1953இல் நியூயோர்க்கில் மேடையேறிற்று. 1692இல் மசாசூசெற்ஸ் குடியேற்றத்தின் சேலம் கிராமத்தில் எழுந்த சூனிய வழக்குகளே அதன் கரு. மக்கார்த்தி காலத்து வேட்டையை அது மறைமுகமாகச் சாடியது என்பது பலரும் அறிந்ததே. அச்சாடலின் துணிவு மறுக்கற்பாலதன்று. 1956இல் விசாரணைக் குழுவின் முன் பிறர் பெயர்களைக் கூற மறுத்தவர் மில்லர். ஆயினும் வரலாற்றில் அவர் எதனை எடுத்தார், எதனை விடுத்தார் என்பது ஆராயத்தக்கது.

வரலாற்றில் அபிகேல் வில்லியம்ஸ் பதினொரு அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுமி. ஜோன் புரொக்ரர் ஏறத்தாழ அறுபது வயதினர். மில்லர் சிறுமியின் வயதை உயர்த்தி, புரொக்ரரின் வயதைக் குறைத்து, இருவரிடையே கள்ளக்காதல் ஒன்றைப் புனைந்தார். வயதை உயர்த்தியதை அவரே நூலின் குறிப்பில் ஒப்புக்கொண்டுள்ளார். படைப்பாளிக்கு இவ்வுரிமை உண்டு. வினா அதன் விளைவு பற்றியது. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்ட சமூகப் பேரழிவொன்று, புறக்கணிக்கப்பட்ட பெண்ணொருத்தியின் பழிவாங்கலாகச் சுருங்கிவிடுகின்றது.

சேலத்தின் அன்றாட வாழ்வோ வேறு காரணங்களைக் காட்டுகின்றது. 1691 ஒக்ரோபரில் தெரிவான கிராமக் குழு, மதகுரு சாமுவேல் பரிஸின் சம்பளத்துக்கான வரியை அறவிட மறுத்தது. குளிர்காலத்தில் அவருக்கு விறகும் முட்டுப்பட்டது. விறகுப் பூசலையும் காணிப் பிணக்கையும் மில்லர் அறியாதவரல்லர். பாத்திரங்களின் வாயிலாகவே அவற்றைப் பேசவைக்கிறார். எனினும் அவை பின்னணியாக நிற்க, கதையை நடத்துவது அபிகேலின் வேட்கையே. பின்வந்த ஆய்வுகள் இவ்விடைவெளியைத் தெளிவாக்கின. போயரும் நிசன்போமும் 1974இல் கிராமத்தின் உட்கட்சிப் பகையையும், கார்ல்சன் 1987இல் சொத்துரிமை பெறக்கூடிய பெண்கள் மீதான அச்சத்தையும், நோர்ட்டன் 2002இல் எல்லைப்புறப் போர்களின் பீதியையும் முன்வைத்தனர்.

ரிற்றுபாவின் சித்திரிப்பு மேலும் விமரிசனத்துக்குரியது. நீதிமன்றப் பதிவேடுகள் அவளை இந்தியப் பெண் என்கின்றன. நாடகத்தில் அவள் கறுப்பின அடிமை, காட்டில் சிறுமியரை ஆட்டுவிக்கும் மந்திரக்காரி. அத்தகைய ஆட்டத்துக்கு ஆவணச் சான்றில்லை. நோயுற்ற சிறுமியரின் சிறுநீரை ரை மாவிற் கலந்து சுட்டு நாய்க்கு ஊட்டும் மாற்றுச் சடங்கைச் சொல்லிக்கொடுத்தவள் மேரி சிப்லி என்னும் ஆங்கிலேய அயற்பெண். குடியேறியோர் தம் ஊரிலிருந்து கொணர்ந்த நம்பிக்கையே அது. வெள்ளையர் வீட்டுச் சூனியத்தை அடிமையின் தலையிற் சுமத்திய பழைய தவறு, நீதி கேட்கும் நாடகத்திலும் தொடர்வது முரண்.

புரொக்ரர் குடும்பத்தின் கதையிலும் இவ்வாறே. கைதானதும் அதிகாரி வீட்டுப் பொருள்களைப் பறித்தார். கஞ்சியைக் கொட்டிவிட்டுப் பானையை எடுத்துச் சென்றார், பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சவில்லை என அக்காலத்தவரான ரொபேட் கலெவ் எழுதியுள்ளார். சிறையிலிருந்து புரொக்ரர் பொஸ்ரன் மதகுருக்களுக்கு எழுதிய மடலில், தம் மகன் மூக்கிற் குருதி வழியும்வரை கட்டிவைக்கப்பட்டதை முறையிட்டார். மேடையில் தம் பெயரின் மானத்துக்காகப் போராடும் புரொக்ரரிடம் இப்பானைக்கு இடமில்லை.

நாடகத்தின் வெற்றி வேறிடத்தில் உள்ளது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் உயிர்பிழைக்க, மறுத்தவர் தூக்கிலேறினர் என்ற கொடிய உண்மையை இவ்வளவு கூர்மையாக உணர்த்திய ஆக்கம் வேறில்லை எனலாம். ஆயினும் தனிமனிதனின் மனச்சாட்சியை உயர்த்த அது முனைகையில், அயலவரை அயலவர் காட்டிக்கொடுக்கவைத்த வரியும் விறகும் காணியும் பின்தள்ளப்படுகின்றன. அநீதியின் முகத்தைக் காட்டிய மில்லர், அதன் வேர்களை அரைகுறையாகவே காட்டினார்.