‘மீட்பு’ யார் வைத்த பெயர்?

அமெரிக்க வரலாற்றுக் கலைச்சொல் பட்டியல்களில் எனக்குக் கடுப்பேற்றுவது அவற்றின் அமைதிதான். ‘மறுகட்டமைப்பு: 1865–1877’ என்று ஒரு வரி. அடுத்து, ‘மீட்பு’. யாரை, எதிலிருந்து மீட்டாங்கன்னு யாரும் கேட்பதில்லை. தெற்கில் கறுப்பர்கள் வாக்களித்து, பதவிக்கும் வந்த ஆட்சிகளை மிரட்டியும் கொன்றும் கவிழ்த்த வெள்ளையர் தரப்பு தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர் அது. தேவாலய வாசனை வேறு.

1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றத்தைக் காத்து நின்ற கறுப்பர்களில் பலர் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டார்கள். பின்னாளில் அங்கே மாநில அரசு வைத்த பலகை அதைக் ‘கலவரம்’ என்றது. 2021இல்தான் அகற்றினார்கள்.

டு பாய்ஸின் ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ (1935) எனக்கு முக்கியமாவது இந்த இடத்தில். உள்நாட்டுப் போரின்போது தோட்டங்களை விட்டு ஓடிவந்த அடிமைகளை வடக்குப் படை ‘காண்ட்ராபேண்ட்’ என்றது. அதாவது எதிரியிடம் பறித்த சரக்கு. டு பாய்ஸ் அதையே ‘பொது வேலைநிறுத்தம்’ என்கிறார். சங்கம் எங்கே, தலைவர் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொஞ்சம் இழுத்துப் பொருத்துகிறார் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் பறிக்க ஆளில்லாத பருத்திக்காடு கண்ணுக்குத் தெரிகிறது.

கடைசி அத்தியாயத்தில் பள்ளிப் பாடநூல்களையே கூண்டில் ஏற்றுகிறார். தடிமனைப் பார்த்துத் தயங்குபவர்கள் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம், தப்பில்லை.