டிரிகரைத் தேய்ப்பதில் லாபம் எவ்வளவு?

அமெரிக்காவில் ரைஃபிள் வைத்திருப்பவர்களின் நெடுநாள் குறை, கடையில் வாங்கும் துப்பாக்கியின் டிரிகர் கனமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கிறது என்பது. குறையில் நியாயம் உண்டு. மூன்று கிலோ துப்பாக்கியின் டிரிகரை இழுக்க மூன்று கிலோ அழுத்தம் வேண்டுமென்றால், குண்டு கிளம்பும் முன்பே குழல் நகர்ந்துவிடும். வழக்குக்கு அஞ்சும் நிறுவனங்களோ டிரிகரை இறுக்கமாகவே வைத்து அனுப்புகின்றன. வீட்டுப் பட்டறையில் லேத்தும் சாணைக்கல்லும் வைத்திருப்பவருக்கு அப்போது கை துறுதுறுக்கிறது. சொந்தத் துப்பாக்கியின் டிரிகரைச் சீராக்க அந்நாட்டில் பொதுவாகக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. பிறருக்குத் தொழிலாகச் செய்தால்தான் தேவை.

நல்ல டிரிகர் என்றால் இலேசான டிரிகர் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் சறுக்கல் இதுதான். இழுக்கும்போது அரைபட்டு நகராமல் ஒரே நொடியில் விடுபடுவதும், விடுபட்டபின் விரல் மேற்கொண்டு ஓடாமல் நிற்பதும் எடையைவிட முக்கியம். சர்வதேசப் போட்டிகளில் 25 மீட்டர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 1,000 கிராம் தாங்க வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். அந்த வரம்புக்குள் நின்றுதான் பதக்கங்கள் வெல்லப்படுகின்றன.

பொறுமையுள்ள கைவினைஞர் உராய்வைக் குறைத்துத் தெளிவான விடுபடலைப் பெறுகிறார். கூடவே தன் கருவியின் உள்ளமைப்பையும் கற்றுக்கொள்கிறார். இந்த லாபத்தை மறுக்க முடியாது.

ஆபத்து இருப்பது 'சியர்' என்ற சிறு துண்டில். சுத்தியலையோ அடிமுள்ளையோ தடுத்து நிறுத்தி வைத்திருப்பது அதுதான். பல துப்பாக்கிகளில் அதன் மேற்பரப்பு மட்டுமே மெல்லிய அளவுக்குக் கடினமாக்கப்பட்டிருக்கும். தேய்ப்பவர் அந்தப் படலத்தைத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான உலோகம். அன்று பட்டுப்போல இயங்கும் டிரிகர், சில நூறு குண்டுகளுக்குப் பின் தானாகவே இன்னும் தேய்ந்துபோக, துப்பாக்கி கீழே விழுந்தாலோ போல்ட்டை வேகமாக மூடினாலோ வெடிக்கக்கூடும். கோணம் சற்றே மாறினாலும் இதே கதிதான். வேலை முடிந்த நாளில் செய்யும் சோதனை இதைக் காட்டிக் கொடுக்காது.

பொறுப்பு யாருடையது என்ற சிக்கலை ரெமிங்டன் 700 ரைஃபிள் காட்டியது. 1962-இல் வந்த அந்த ரைஃபிளில் இருந்தது மைக் வாக்கர் வடிவமைத்த டிரிகர். தொடாமலே வெடிக்கிறது என்று வழக்குகள் குவிந்தபோது, உரிமையாளர்கள் கைவைத்ததும் சரியாகப் பராமரிக்காததுமே காரணம் என்றது நிறுவனம். வடிவமைப்பே பழுது என்றனர் எதிர்த்தரப்பினர். டிரிகரின் திருகுகளைத் திருப்பிப் பார்த்தவரின் கையில் தன் பக்கத்தை நிரூபிக்கும் சான்று மிஞ்சுவதில்லை.

அதற்காகத் தொழிற்சாலை தவறே செய்யாது என்றும் சொல்ல முடியாது. 2006 முதல் வாக்கர் டிரிகருக்குப் பதிலாக வந்த எக்ஸ்-மார்க் புரோவையே 2014-இல் ரெமிங்டன் திரும்பப் பெற்றது; பொருத்தும்போது கூடுதலாகப் பூசப்பட்ட ஒட்டுப்பொருள்தான் காரணம். ஆனால் அங்கே தொடர் எண் இருந்தது, திரும்ப அழைக்க வழி இருந்தது. வீட்டில் தேய்த்த சியருக்கு அப்படியொரு பதிவேடு கிடையாது. அதை அறியாமல் வாங்கும் அடுத்த உரிமையாளருக்கு எச்சரிக்கையும் கிடையாது.

தேய்க்கும் தேவையையே சந்தை பெருமளவு குறைத்துவிட்டது. சாவேஜ் நிறுவனம் 2002-இல் அறிமுகப்படுத்திய அக்யூடிரிகரை உரிமையாளரே பாதுகாப்பான எல்லைக்குள் இலேசாக்கிக்கொள்ளலாம்; நடுவிலுள்ள சிறு தகட்டை விரல் அழுத்தாவிட்டால் சியர் நழுவினாலும் வெடிக்காது. டிம்னி போன்ற நிறுவனங்களின் முழு டிரிகர் தொகுதிகளும் கிடைக்கின்றன. எனவே லேத்தின் திறமையைத் துப்பாக்கிக் கட்டைக்கும் குறிநோக்கிப் பொருத்திகளுக்கும் செலவிடலாம். சியரின் முகத்தை மட்டும் சோதனைக் கருவியும் பொறுப்பும் உள்ள உரிமம் பெற்ற கம்மியரிடமே விட வேண்டும்.