கலமும் அணுவும்: ஒரு கலைச்சொல் ஆராய்ச்சி

ஆங்கிலத்தில் 'செல்' என வழங்கும் சொல், சிற்றறையைக் குறித்த இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. றொபேட் ஹூக் என்பார் தக்கைச் சீவலை நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கி, ஆங்குக் கண்ட வெற்றறைகட்கு அப்பெயரை இட்டு, 1665ஆம் ஆண்டில் தம் நூலில் எழுதினார். அவர் கண்டவை உயிரற்ற சுவர்களே. பின்னர், 1838, 1839ஆம் ஆண்டுகளில் சிலெய்டனும் சுவானும் தாவரமும் விலங்கும் இவற்றாலானவை என எடுத்துரைத்தபோது, அறையின் பெயர் அதனுள் வாழும் பொருளுக்கும் உரியதாயிற்று. மின்னியலார் மின்னைப் பிறப்பிக்கும் பாத்திரத்தை இப்பெயரால் அழைத்தனர். நம் காலத்தில் தொலைபேசிக் கோபுரமொன்றன் ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பும் இப்பெயர் பெற்றுள்ளது.

இதனைத் தமிழாக்கியோர் இருவேறு நெறிப்பட்டனர். தமிழகத்தார் உயிரியலில் 'உயிரணு' என்றும் 'செல்' என்றும், மின்னியலில் 'மின்கலம்' என்றும், படிகவியலில் 'அலகுக்கூடு' என்றும் வழங்கலாயினர். இலங்கைப் பாடநூல்களோ உயிரியலிலும் மின்னியலிலும் 'கலம்' என்னும் ஒரு சொல்லையே ஆண்டன.

இவற்றுள் ஏற்புடையது யாது? சைவ சித்தாந்தம் ஆன்மாவையும் அணு எனக் கூறுமாதலின், 'உயிரணு' என்பதற்கு மரபின் துணை உண்டு எனலாம். எனினும் விஞ்ஞான வகுப்பில் அணு என்பது இரசாயனவியலார்க்கு உரிய சொல். செங்குருதிக் கலத்தின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்கிரோமீற்றர். அணுவின் விட்டமோ அதனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அதனைச் 'சிவப்பணு' எனப் படிக்கும் மாணவன் மயங்குதல் இயல்பே. 'செல்' என்பதோ தமிழில் ஏவல் வினையுமாம், கறையானுமாம். தேயிலைச் செடியின் உயிர்மரத்தையே துளைக்கும் கறையான் உள்ள மலைநாட்டில், 'தேயிலையின் செல்' என்பது எதனைக் குறிக்கும்?

'கலம்' அத்தகையதன்று. உண்கலம், மரக்கலம் என்பவற்றிற்போல, ஒன்றை உட்கொண்டு காப்பதே அதன் பொருள். தேயிலைத் தொழிற்சாலையே இதற்குச் சான்று. வாட்டிய கொழுந்தை உருட்டும் பொறியிலிட்டு நசுக்குங்கால், கலங்கள் சிதைகின்றன. அவற்றுள் வெவ்வேறிடங்களில் அடங்கியிருந்த பொலிபீனோல்களும் நொதியங்களும் கலந்து, காற்றின் ஒட்சிசனால் ஒட்சியேற்றமடைய, பச்சையிலை செம்பழுப்பாகின்றது. கலம் உடைய உள்ளிருந்தது கலந்தது என்றால் தலவாக்கலைச் சிறுவனும் உணர்வான். அவன் தந்தை இருளில் ஏந்திச் செல்லும் கைவிளக்கின் உலர்மின்கலமும் இரசாயனப் பொருளை அடக்கிய கலமே.

ஆயினும் இச்சொல் எவ்விடத்தும் பொருந்துவதன்று. கோபுரத்தின் எல்லைக்குட்பட்ட நிலம் எதனையும் அடக்கிய பாத்திரமன்று. படிகத்தில் மீண்டும் மீண்டும் வரும் அமைப்பலகிற்குக் 'கூடு' என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஆங்கிலத்தில் ஒன்றாயிருத்தலால் தமிழிலும் ஒன்றாதல் வேண்டும் என்னும் நியதியில்லை. பொருளே பெயரை விதித்தல் வேண்டும்.

இது புலவர் பூசலன்று. தமிழக நூலில் உயிரணு, திசு எனக் கற்ற தோட்டப்புற மாணவன், பரீட்சை வினாத்தாளில் கலம், இழையம் எனக் காணின், அறிந்த விடையையும் அறியாததாகக் கருதி விடுத்தல் கூடும். அங்கு இழக்கப்படுவது அறிவன்று. அவ்வறிவுக்குரிய புள்ளியும், அதன்வழிக் கிட்டும் உயர்கல்வியுமாம். ஆதலின் ஆசிரியர் முதற்பாடத்திலேயே இருபெயரையும் ஒருங்கு கூறி, ஒன்றனை நிலைபெறுத்துதல் கடனாம். அவ்வொன்று கலமாதலே தக்கது.